தகப்பன் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஆரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், டீக்கடை முன்னால் காரை நிறுத்தி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் பழைய கப்பல் பதிவேட்டின் ஜெராக்ஸ் தாள். அதில் ஒரு பெண்ணின் பெயர், வயது 22, இடது முழங்காலில் தழும்பு, தாலுகா, கிராமம். தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் வெறும் கோடு. “இவங்க எங்க பாட்டிக்குப் பாட்டி. இவங்களப் பெத்தவங்க யாருன்னு தெரியணும்” என்கிறார்கள். கடையில் இருப்பவர்களுக்கு மனசு இளகிவிடுகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவதா? “நம்ம மேலத்தெரு வகையறாவா இருக்கும்” என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போட, மாலைக்குள் ஒரு பங்காளி உறவே உருவாகிவிடுகிறது. தப்பான வம்சாவளி பெரும்பாலும் இப்படிப்பட்ட நல்ல மனசில்தான் பிறக்கிறது.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். அப்போது தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள். ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, ஒரு எண் கொடுத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம். இதில் தாயின் பெயருக்கு இடமே கிடையாது. பெற்றவள் பெயரைக் கேட்கவே தோன்றாத ஒரு நிர்வாகத்தின் குற்றத்துக்கு, கொள்ளுப்பேத்திகள் இன்றைக்கும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தகப்பன் பெயர் ஏன் விடுபட்டது? அநாதையாக வந்தவர்கள் உண்டு. வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்து, பிடிபடாமல் இருக்கப் பெயரையே மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. 100 ஆணுக்கு 40 பெண்ணாவது ஏற்ற வேண்டும் என்ற விதி இருந்ததால், ஆள்பிடிகாரர்கள் துணையில்லாத பெண்களைத் தேடிப்பிடித்தார்கள். விதவைகள், கைவிடப்பட்டவர்கள், பஞ்சத்தில் பிழைப்புத் தேடிக் கிளம்பியவர்கள். சாதிக் கட்டத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. எதைச் சொன்னால் வேலைக்கு எடுத்துக்கொள்வார்களோ அதைச் சொன்னவர்களும் உண்டு.

காலிக் கட்டத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் வராது. சுற்றிப் போக வேண்டும். முதலில் அந்த எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முனுசாமிகளும் வீராசாமிகளும் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள், எண் ஒருவருக்கு ஒன்றுதான். பெயரின் எழுத்துகள் தாளுக்குத் தாள் மாறும், எண் மாறாது. அடுத்து, அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள பத்து இருபது வரிகளைப் படியுங்கள். ஒரே கிராமத்திலிருந்து ஒன்றாகப் புறப்பட்டவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்துப் பதிவானார்கள். தகப்பன் பெயர் இல்லாத பெண்ணுக்கு இரண்டு வரி தள்ளி, அதே ஊர்க்காரனாக ஓர் இளைஞன், அவனுக்குத் தகப்பன் பெயரும் இருந்தால், அவன் அண்ணனா என்று விசாரிக்க ஒரு வாசல் கிடைத்துவிட்டது. அது வாசல்தான், விடையல்ல.

விடை அதிகமாகக் கிடைப்பது நாற்பது ஐம்பது வருஷம் கழித்து எழுதப்பட்ட தாள்களில். நேட்டாலில் ஒருவர் சொத்து வைத்துவிட்டு இறந்தால், சொத்து நிர்வாகக் கோப்பில் ஓர் இறப்பு அறிவிப்பு சேர்க்க வேண்டும். அதில் இறந்தவர் பிறந்த ஊர், பெற்றோர் பெயர், பிள்ளைகள் பெயர் என்று கேட்டிருப்பார்கள். கப்பலில் வாய் திறக்காதவள், கிழவியான பிறகு மகனிடம் தன் அம்மா பெயரைச் சொல்லியிருப்பாள். மகன் அதை எழுதிக் கொடுத்திருப்பான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இந்தக் கோப்புகள் இருக்கின்றன. கூடப் பிறந்தவர்களின் கோப்புகளையும் தேடுங்கள். திருமணப் பதிவில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ‘முறைதவறிய பிறப்பு’ என்று முடிவு கட்டாதீர்கள். 1913இல் கேப் மாகாண நீதிமன்றம் கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்த நாடு அது. காந்தியும் தமிழ்ப் பெண்களும் அதை எதிர்த்துச் சிறை சென்ற பிறகு, 1914இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. தாலி கட்டியவளையே சட்டம் மனைவியாக ஏற்காத ஊரில், பதிவேட்டை வைத்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை எடைபோடுவது அநியாயம்.

தமிழ்நாட்டுப் பக்கம் என்ன கிடைக்கும்? 19ஆம் நூற்றாண்டுக் கிராமங்களில் பிறப்புப் பதிவை எதிர்பார்ப்பது பெரும்பாலும் வீண். கிறிஸ்தவக் குடும்பமானால் பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாய், தகப்பன், ஞானப்பெற்றோர் எல்லார் பெயரும் இருக்க வாய்ப்புண்டு. மற்றவர்களுக்குப் பழைய நிலப் பதிவேடுகள், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், குலதெய்வக் கோவிலில் வரி கட்டும் வகையறாக்களின் நினைவு. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரிமை. வெளிநாட்டு வம்சாவளியினருக்கு இங்குள்ள நண்பர் ஒருவர் மனுப் போட்டு உதவலாம்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது, ‘பூர்வீக நிலத்தை மீட்டுத் தருகிறேன்’ என்று வரும் ஏஜென்ட். நூறு வருஷத்துக்கு முன் விட்டுப்போன நிலத்தில் வேறொருவர் தலைமுறை தலைமுறையாக அனுபோகத்தில் இருக்கும்போது, உரிமை கொண்டாடும் காலக்கெடு எப்போதோ முடிந்திருக்கும். முன்பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டை. பொதுவிதி கொள்ளுப்பேரப்பிள்ளை வரைதான் செல்லும். மொரீஷியஸ் நாட்டினருக்கு ஏழாவது தலைமுறை வரை தருவதாக இந்தியா 2024இல் அறிவித்தது. நாட்டுக்கு நாடு விதி மாறுவதால் இந்தியத் தூதரகத்தில் நேரடியாகக் கேளுங்கள். காலிக் கட்டத்தில் கற்பனைப் பெயரை நிரப்பி விண்ணப்பித்தால், பொய்த் தகவலால் பெற்ற அட்டை பின்னாளில் ரத்தாகும். அட்டை இருந்தாலும் ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்கவும் முடியாது.

மூன்றாவது, டிஎன்ஏ பரிசோதனை. மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டிவந்த சமூகம் நம்முடையது. ஒரே ரத்தம் பல வழியாகச் சேர்ந்திருப்பதால், ஆறு தலைமுறைக்கு முந்தைய உறவைக்கூட நெருங்கிய உறவு என்று முடிவுகள் காட்டும். பரிசோதனை, தாளில் கிடைத்த ஊகத்தைச் சரிபார்க்க உதவும். அது மட்டுமே தகப்பனைக் காட்டாது. எச்சிலைக் கொடுப்பது உங்களை மட்டும் பொறுத்ததும் அல்ல, உங்கள் பிள்ளைகளின் மரபணுவும் அதில் இருக்கிறது. ‘23அண்ட்மீ’ நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025இல் அது திவால் மனுத் தாக்கல் செய்தது. எந்த நிறுவனமானாலும் மாதிரியை அழிக்கக் கோரும் வழி இருக்கிறதா என்று முதலில் படியுங்கள்.

எல்லாம் தேடியும் பெயர் கிடைக்காமல் போகலாம். அப்போது வம்சாவளியில் ‘பெற்றோர் தெரியவில்லை’ என்றே எழுதி, எந்தெந்தப் பதிவேட்டை எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்பதையும் கீழே குறித்து வையுங்கள். அடுத்துத் தேடும் பேரப்பிள்ளைக்கு அந்தக் குறிப்பு, ஊகித்து எழுதிய பெயரைவிட நூறு மடங்கு உதவும்.

நம் ஊர் டீக்கடையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்படி ஒரு தாளோடு யாராவது வந்தால், உடனே ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஊரிலேயே வயதான ஆத்தாவிடம் கூட்டிப்போங்கள். பரணில் கிடக்கும் பழைய பத்திரத்தை இறக்குங்கள். “கப்பலேறிப் போனவங்கன்னு யாரையாவது சொல்லிக் கேட்டிருக்கியா ஆத்தா?” என்று மட்டும் கேளுங்கள், பெயரை நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள்.