கயிறு ஒன்று, ஆள் இரண்டு

நாட்டு மாடு இல்லாமல் பஞ்சகவ்யம் இல்லை, அமுதக்கரைசல் இல்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். ஆனால் ஊசி போட வந்த மருத்துவர் "மாட்டைப் பிடிங்க"ன்னு சொன்னால், பிடிக்கத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்? லாடம் அடிக்கிறவர்கள் கயிற்றைப் போட்டு வண்டிக்காளையைச் சாய்ப்பதை நம் தலைமுறை பார்த்திருக்கிறது. வண்டிமாடு குறையக் குறைய அந்தக் கைப்பழக்கமும் போய்விட்டது. ஆசையாக மாடு வாங்கியவர்கள், "முரட்டு மாடுங்க"ன்னு சொல்லி விற்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2024 ஜூனில் திருவொற்றியூரில் தெருவில் திரிந்த எருமை ஒன்று ஒரு பெண்ணைக் கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு ஓடியது. மாட்டின் பலம் என்னவென்று அன்றைக்கு ஊரே பார்த்தது. பலத்துக்குப் பலம் காட்டி நாம் ஜெயிக்க முடியாது. இரண்டு பேர் ஒத்துப் பிடித்தால்தான் முடியும்.

அமெரிக்கப் பண்ணைகளில் பெரிய மாட்டுக்கு மருந்து கொடுக்க ஒருவரால் முடியாது என்பதால், குதிரைமேல் இருவர் போவார்கள். ஒருவர் கொம்பில் சுருக்குப் போடுவார், மற்றவர் பின்னங்கால்களில் போடுவார். இன்று அது நொடிக்கணக்கில் நடக்கும் போட்டியாகிவிட்டது. நமக்குப் போட்டி வேண்டாம், வேகமும் வேண்டாம். அந்த ஒத்துழைப்பு மட்டும் போதும்.

முதல் பாடம்: மாடு இல்லாமல்

முளைக்குச்சியில் இரண்டு முடிச்சுகளைப் பழகுங்கள். ஒன்று, எவ்வளவு இழுத்தாலும் இறுகாத முடிச்சு. கழுத்துக்கு இதுதான். உருவாஞ்சுருக்கைக் கழுத்தில் போட்டால் மூச்சு அடைத்துவிடும். இன்னொன்று, நுனியை ஒரே இழுப்பு இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. மாட்டைக் கட்டிப்போட இது. இருட்டில்கூடக் கை தானாகப் போடும்வரை பழக வேண்டும்.

கயிறு பருத்தி நூலாக இருந்தால் நல்லது. மெல்லிய பிளாஸ்டிக் கயிறு மாட்டுத் தோலையும் நம் உள்ளங்கையையும் அறுத்துவிடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மாடு பாய்ந்தால் விரல் போய்விடும்.

இரண்டாம் பாடம்: சாதுவான மாட்டோடு

ஒருவர் தலைக்காரர், ஒருவர் கயிற்றுக்காரர். தலைக்காரர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, மாட்டோடு பேசிக்கொண்டே நிற்பார். கயிற்றுக்காரர் முதுகில் கயிற்றைப் போட்டு எடுத்து, அதன் பயத்தைப் போக்குவார். குரல் கொடுப்பது ஒருவர்தான், அது தலைக்காரர். எண்ணூர்ப் பக்கம் கரைவலை இழுக்கிறவர்களைப் பாருங்கள். இரண்டு முனையிலும் ஆட்கள் ஒரே சீராக இழுத்தால்தான் வலை நேராகக் கரைக்கு வரும். இங்கேயும் அதே கணக்குதான்.

மூன்றாம் பாடம்: சாய்ப்பது

இதை ரூஃப் முறை என்று கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சொல்லித் தருகிறார்கள். 30 முதல் 40 அடிக் கயிறு வேண்டும். கழுத்தில் இறுகாத முடிச்சு. அங்கிருந்து முதுகு வழியாகக் கொண்டுபோய், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு மடிப்பு, மடிக்கு முன்னால் வயிற்றைச் சுற்றி இன்னொரு மடிப்பு. மீதிக் கயிற்றை நேர்பின்னால் நிதானமாக இழுத்தால், மாடு தானே மடங்கிப் படுக்கும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை:

- சினை மாட்டைச் சாய்க்கவே கூடாது.
- வயிறு நிறையத் தின்ற மாட்டையும் கூடாது.
- சிமெண்ட் தரை ஆகாது. வைக்கோல் பரப்பிய மண்தரை வேண்டும்.
- இரைப்பை இடப்பக்கம் இருப்பதால், வலப்பக்கம் கீழே இருக்கும்படி சாய்க்க வேண்டும். வேலை முடிந்ததும் நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் வயிறு உப்பிவிடும்.
- காளைக்குக் கயிறு குறியை அழுத்தக் கூடாது. பால் மாட்டுக்கு மடியையும் பால் நரம்பையும் அழுத்தக் கூடாது.

முதல் சில தடவை மருத்துவரோ, பழகிய பெரியவரோ பக்கத்தில் நிற்கட்டும். வீடியோ பார்த்தால் முடிச்சு விளங்கும். எந்த நேரத்தில் எவ்வளவு இழுக்கணும், எப்போ விடணும் என்பது கைமேல் கை வைத்துச் சொல்லிக்கொடுத்தால்தான் வரும். பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து உழவர்களுக்கு மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே இருக்கிறது. நாலு பேராகப் போய்ப் பயிற்சி கேட்கலாம்.

ஊரில் லாடம் கட்டிய பெரியவர் யாராவது இருந்தால், அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடுங்கள். மேடைப் பேச்சில் அரை மணி நேரத்தைக் குறைத்து, அவர் கையில் ஒரு கயிற்றைக் கொடுங்கள். அவரோடு அந்த வித்தையும் போய்விடுவதற்குள் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும்.