வழிகாட்டி வழிமறிக்கலாமா?

ஒரு விடயத்தில் ஐயம் எழுந்தால் இன்று நமது கை முதலில் செல்வது கையடக்கத் தொலைபேசிக்குத்தான். கூகுளில் இரண்டு சொற்களைத் தட்டியதும் விடைகள் திரையில் வந்து குவிகின்றன. ஆனால், அவை நாம் தேடியவையா, தேடுபொறி நமக்குக் காட்ட விரும்பியவையா?

1998இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவரும் கூகுளை நிறுவினர். ஓர் இணையப் பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, அவற்றின் தரம் என்ன எனக் கணித்து வரிசைப்படுத்துவதே அவர்களது முறை. பயனாளரை உரிய தளத்துக்கு விரைவாக அனுப்பிவைப்பதே அன்று அதன் பணியாக இருந்தது.

2006இல் கூகுள் 1.65 பில்லியன் டொலருக்கு யூடியூபை வாங்கியது. வழிகாட்டிக்கே வழியில் ஒரு கடை சொந்தமானால் என்ன நடக்கும்? நாம் அங்கே தங்கும் ஒவ்வொரு நிமிடமும் விளம்பர வருமானம் அல்லவா! தனது பொருள் ஒப்பீட்டுச் சேவையைத் தேடல் முடிவுகளில் முன்னிறுத்தியமைக்காக 2017இல் ஐரோப்பிய ஆணைக்குழு கூகுளுக்கு 2.42 பில்லியன் யூரோ அபராதம் விதித்தது.

இன்று தேடல் முடிவுகளின் நடுவே டிக்டொக், இன்ஸ்டகிராம் காணொளிகளும் தோன்றுகின்றன. போட்டியாளரின் காணொளிகளைக் கூகுள் ஏன் காட்ட வேண்டும்? உணவகம் தேடும் இளையோரில் ஏறத்தாழ 40 சதவீதமானோர் அச்செயலிகளையே நாடுவதாக 2022இல் கூகுளின் மூத்த அதிகாரி பிரபாகர் ராகவன் கூறினார். அவர்கள் தேடலுக்காகவும் அங்கே சென்றுவிடாமல் தடுப்பதே நோக்கம் என நான் கருதுகிறேன்.

காணொளிகள் அனைத்தும் தீங்கானவை அல்ல. இதயத்தில் குருதி பாயும் விதத்தை அசையும் படத்தில் பார்த்தால் உடனே விளங்கும். ஆனால், குறுங்காணொளி ஒன்று முடியுமுன் அடுத்தது காத்திருக்கிறது. நாம் கேட்க வந்த கேள்வியே மறந்துவிடுகிறது. எழுத்து அப்படியல்ல, விளங்காத வரியை மீண்டும் வாசிக்கலாம், ஆதாரத்தைச் சரிபார்க்கலாம்.

தமிழுக்கு இதில் இழப்பு அதிகம். நமது நாட்டுத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் 'நூலகம்' இணையத்தளம் இலவசமாகத் தருகிறது. அத்தகைய தளங்களுக்கு வாசகர் வராவிட்டால், நாளை இணையத்தில் தமிழில் எழுத யார் முன்வருவார்?

சகோதரிகளே, 2024 முதல் கூகுளில் 'வெப்' எனும் பிரிவு உண்டு. அதைத் தெரிவுசெய்தால் காணொளிகள் விலகி, இணையப் பக்கங்களின் இணைப்புகள் மட்டுமே வரும். அடுத்த ஒப்படைக்குத் தகவல் தேடும்போது அங்கிருந்து தொடங்குவோம்.