பெயர் மட்டும் மிஞ்சிய சிப்பாயைத் தேடுவது எப்படி?

மாணவர்களே, 1942 ஜனவரியில் நம் ஜொகூரின் மூவாரில் ஜப்பானியப் படையை எதிர்த்தவர்களில் 45ஆம் இந்தியப் படையணியும் ஒன்று. ராஜபுதனம், கர்வால் முதலிய பகுதிகளின் கிராமத்து இளைஞர்கள். பலருக்குப் பயிற்சியே முடியவில்லை. ஜனவரி 22 அன்று பாரிட் சூலோங்கில் காயமடைந்து பிடிபட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆஸ்திரேலியரோடு இந்தியரும் அதில் அடக்கம்.

இப்படி மடிந்த பலருக்குக் கல்லறை கிடையாது. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரின் கிராஞ்சி. அங்குள்ள நினைவுச் சுவர்களில் கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன.

பெயர் கிடைத்தாச்சு, அப்புறம்? காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடுங்கள். எண், படைப்பிரிவு, இறந்த நாள் கிடைக்கும். இந்தியர் பலருக்குத் தந்தை பெயரும் ஊரும்கூட இருக்கும். அந்த ஒரு வரிதான் அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லும்.

தமிழ்நாட்டுச் சிப்பாய் என்றால் ஒன்றைக் கவனியுங்க: ஊர்ப்பெயர் அக்கால ஆங்கில வழக்கில் இருக்கும். தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’, திருநெல்வேலி ‘டின்னவெல்லி’. ஆள் பெயரையும் இரண்டு மூன்று விதமாக எழுத்துக்கூட்டித் தேடுங்கள்.

கட்டுரையில் பதிவேடு சொல்வதை மட்டும் உறுதியாக எழுதுங்கள். ஊகத்தை ஊகமென்றே சொல்லுங்கள். அவருக்கு நாம் தரும் மரியாதை அது.