விரல் ரேகையும் துப்பறியும் கதையும்

முன்னுரை

துப்பறியும் கதையைப் பொழுதுபோக்கு நூலென்று ஒதுக்குவது இலக்கிய ஆராய்ச்சியாளரிடையே பெருவழக்கு. குற்றம் ஒன்று நிகழ்கின்றது. தடயம் ஒன்று கிடைக்கின்றது. கூரறிவினன் ஒருவன் அதனைக்கொண்டு குற்றவாளியைக் காட்டுகின்றான். இவ்வளவே அதன் கட்டுக்கோப்பு என்பர். அறிவியல் முன்னே செல்ல, கதை அதன் பின்னே நின்று புகழ்பாடிற்று என்பாரும் உளர். இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை விரல் ரேகை என்னும் ஒரு தடயத்தை மட்டும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருட்சான்று பற்றிய சிந்தனை தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில், தேவியின் சிலம்பை ஒத்ததொரு சிலம்பு கோவலன் கையில் இருந்ததே அவனைக் கொல்லுதற்குப் போதிய சான்றாயிற்று. உள்ளிருந்த பரல் முத்தா மாணிக்கமா என்பதை அவன் உயிரோடிருந்தபோது எவரும் ஆராயவில்லை. ஒன்றை ஒன்று ஒத்திருத்தல் வேறு, அதுவே இதுவாதல் வேறு. இவ்வேறுபாடே விரல் ரேகை வரலாற்றிலும் அடிப்படையாக அமைந்துள்ளது.

கதை முந்தியது

1880ஆம் ஆண்டில் ஹென்றி ஃபால்ட்ஸ் என்னும் மருத்துவர், குற்றம் நிகழ்ந்த இடத்தில் பதிந்த விரல் ரேகையைக்கொண்டு குற்றவாளியை அறியலாம் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். மூன்றாண்டுகள் கழித்து, 1883இல் வெளிவந்த ‘லைஃப் ஆன் தி மிசிசிப்பி’ என்னும் நூலில், கட்டைவிரல் பதிவைக்கொண்டு கொலையாளியைத் தேடும் ஒருவனின் கதையை மார்க் ட்வைன் அமைத்தார். 1892இல் பிரான்சிஸ் கால்டன் விரல் ரேகை பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். அதே ஆண்டில் அர்ஜென்டினாவில், தம் மக்கள் இருவரைக் கொன்ற தாய், கதவில் பதிந்த குருதி ரேகையால் அகப்பட்டார்.

கால்டனின் நூலைப் பயின்ற ட்வைன் 1894இல் ‘புடன்ஹெட் வில்சன்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். வில்சன் என்னும் வழக்கறிஞர் ஊரார் விரல் பதிவுகளைக் கண்ணாடித் துண்டுகளில் சேர்த்து வைக்கின்றார். ஊரார் அவரைப் பேதை என்று நகைக்கின்றனர். பின்னர்க் கொலை வழக்கொன்றில், கத்தியின் பிடியில் இருந்த ரேகை கொலையாளியைக் காட்டுகின்றது. அத்துடன், அவன் தொட்டிலில் மாற்றி வைக்கப்பட்ட அடிமைக் குழந்தை என்பதும் வெளிப்படுகின்றது. ஆயின் முடிவு நீதியின் வெற்றியாக இல்லை. அடிமை என்பது உறுதியானதும் அவன் விலைப்பொருளாகின்றான். தண்டனை நீக்கப்பெற்று விற்கப்படுகின்றான். ரேகை உண்மையைக் கூறினும் அவ்வுண்மையை நீதியாக்குவது சட்டத்தின் தன்மையைப் பொறுத்தது என்பதை இப்புதினம் அன்றே உணர்த்திற்று. விரல் ரேகைச் சான்றை அமெரிக்காவின் இல்லினாய் மாநில உச்சநீதிமன்றம் ஏற்றது 1911ஆம் ஆண்டில். புதினம் வெளிவந்து அப்போது 17 ஆண்டுகள் கடந்திருந்தன.

வங்காளத்தில் வளர்ந்த முறை

இத்தடயம் முறையான கருவியாக உருப்பெற்ற இடம் வங்காளம் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1858இல் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆட்சி அலுவலர், ஒப்பந்தக்காரர் ஒருவர் பின்னர்ச் சொல் மாறாதிருத்தற்பொருட்டு அவர் கையைப் பத்திரத்தில் பதியச் செய்தார். 1877இல் ஹூக்ளியில் பத்திரப் பதிவிற்கும் ஓய்வூதியம் வழங்குதற்கும் இம்முறையைக் கையாண்டார். ஆயினும் சேர்த்த பதிவுகள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது வேண்டியதொன்றைத் தேடியெடுப்பது அரிதாயிற்று. பத்து விரல்களின் அமைப்பைக் கொண்டு பதிவுகளை 1,024 பிரிவுகளாகப் பகுக்கும் முறை இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தது. அதனை உருவாக்குதற்கு அஜீசுல் ஹக், ஹேம சந்திர போசு என்னும் வங்கக் காவல் அலுவலர் இருவரும் பெரிதும் உழைத்தனர். முறையோ அவர்தம் மேலதிகாரியான எட்வர்டு ஹென்றியின் பெயராலேயே உலகெங்கும் வழங்கலாயிற்று. 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பணியகம் நிறுவப்பட்டது.

இதன் முதற் பெருஞ்சோதனை ஜல்பைகுரி வழக்கு. தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். அவர் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளிருந்த வங்கப் பஞ்சாங்கம் ஒன்றில் குருதி தோய்ந்த விரற்குறி காணப்பட்டது. அது முன்பே திருட்டிற்காகத் தண்டனை பெற்ற பணியாள் ஒருவனின் பதிவோடு பொருந்தியது. 1898இல் தீர்ப்பளித்த நீதிமன்றம் அவனைத் திருட்டுக் குற்றத்திற்கு மட்டுமே தண்டித்தது; கொலைக் குற்றச்சாட்டினின்றும் விடுவித்தது. விரற்குறி அவன் பெட்டியைத் தொட்டான் என்பதை மெய்ப்பிக்கும். கத்தியை ஓங்கினான் என்பதை மெய்ப்பிக்காது. சான்றின் எல்லையை அறிந்து நின்ற இத்தீர்ப்பு போற்றத்தக்கது. மறு ஆண்டிலேயே, 1899ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் விரல் பதிவையும் சேர்த்தது.

கதை எழுப்பிய ஐயம்

1901இல் இம்முறை இலண்டன் மாநகரக் காவல்துறையை அடைந்தது. 1905இல் டெப்ட்ஃபோர்டு கொலை வழக்கில், காசுப் பெட்டியில் இருந்த ஒரே கட்டைவிரல் குறியைத் தலையாய சான்றாகக் கொண்டு உடன்பிறந்தார் இருவர் தூக்கிலிடப்பட்டனர். நீதிமன்றங்கள் இவ்வாறு நம்பிக்கை மிகுந்துவந்த அக்காலத்தில், துப்பறியும் கதை அந்நம்பிக்கையை வினவத் தொடங்கியமை வியப்பிற்குரியது.

1903இல் வெளிவந்த கானன் டாயிலின் ‘நார்வுட் பில்டர்’ கதையில், கொலைக்குற்றம் சாட்டப்பட்ட இளைஞனின் கட்டைவிரல் குறி சுவரில் குருதியால் பதிந்துள்ளது. காவல் அலுவலருக்கு இது முடிந்த முடிபு. ஷெர்லாக் ஹோம்ஸோ நகைக்கின்றார். முந்திய நாள் அவ்விடத்தை அவர் நுணுகி ஆராய்ந்திருந்தார்; அப்போது அக்குறி அங்கில்லை. இளைஞன் முத்திரையிட்ட மெழுகிலிருந்து அக்குறி படியெடுக்கப்பட்டது என்பது பின்னர்ப் புலனாகின்றது. ஈண்டு ஹோம்ஸ் ரேகையின் வடிவை மறுக்கவில்லை. அது பிறர் ரேகை என்று கூறவுமில்லை. எப்போது பதிந்தது என்று மட்டுமே வினவுகின்றார்.

மருத்துவராகிய ஆஸ்டின் ஃபிரீமன் 1907இல் எழுதிய ‘தி ரெட் தம்ப் மார்க்’ புதினம் இவ்வினாவை மேலும் விரித்தது. வைரங்கள் களவுபோன இரும்புப் பெட்டியில், குருதி படிந்த கட்டைவிரல் குறியுடன் தாளொன்று கிடக்கின்றது. வல்லுநர் ஐயமின்றிச் சான்று பகர்கின்றனர். தார்ண்டைக் என்னும் மருத்துவ அறிஞர், விரற்குறி சேர்க்கும் ஏடொன்றிலிருந்து அச்சு செய்து போலிக்குறி பதிக்கலாம் என்பதை நீதிமன்றத்திலேயே செய்து காட்டுகின்றார். இயல்பான விரல் பதியுந்தோறும் அழுத்தமும் சாய்வும் சிறிது வேறுபடும். அச்சோ மூலத்தின் குறைகளையும் அவ்வாறே காட்டும். ஆகலின் முழுமையான ஒப்புமையே ஐயத்திற்கு இடமாகின்றது. சான்றைவிடச் சான்றுரைப்போரின் மிகையான உறுதியே ஃபிரீமனின் இலக்கு எனலாம்.

ஐயம் மெய்யாதல்

நீதிமன்றங்களில் நேர்ந்த பெருந்தவறுகளுள் கருதத்தக்கது ஒன்று போலிக்குறியால் விளைந்ததன்று. குறியைப் படித்த முறையால் விளைந்தது. 2004 மார்ச்சுத் திங்களில் மாட்ரிட் நகரத் தொடர்வண்டிகளில் குண்டுகள் வெடித்தன. வெடிகருவிகள் இருந்த பையொன்றில் கிடைத்த விரற்குறி, அமெரிக்காவின் ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவரதே என்று அந்நாட்டுக் கூட்டாட்சிப் புலனாய்வு நிறுவனத்தின் வல்லுநர் உறுதி கூறினர். நீதிமன்றம் அமர்த்திய வல்லுநரும் அதற்கு உடன்பட்டார். அவர் இரு வாரம் சிறையிலிருந்தார். ஸ்பெயின் காவல்துறை அக்குறி வேறொருவருடையது என்று கண்டபின்னரே விடுதலை பெற்றார். நிறுவனமும் மன்னிப்புக் கேட்டது. 2006இல் வெளியான அமெரிக்க நீதித்துறை ஆய்வறிக்கை காரணத்தை விளக்கிற்று. கணினி காட்டிய பதிவு வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தது. அதனைக் கண்டபின், வல்லுநர் அதில் உள்ளவற்றையே தெளிவற்ற குறியிலும் காணத் தலைப்பட்டனர். வேறுபாடுகளுக்கு அமைதி கூறினர்.

2009இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் அறிக்கை, மரபணு ஆய்வு ஒழிந்த ஏனைய ஒப்பீட்டு முறைகள், தடயத்தை இன்னார்க்கே உரியதென உறுதியாகப் பிணைக்கும் ஆற்றல் உடையன எனக் கடுஞ்சோதனையால் நிறுவப்படவில்லை என்றது. விரல் ரேகை பயனற்றது என்பது இதன் பொருளன்று. பிழை நேரும் அளவையும் கூறிச் சான்று பகர வேண்டும் என்பதே பொருள்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், துப்பறியும் கதை தடய அறிவியலின் புகழ்பாடி மட்டுமன்று என்பது பெறப்படும். விரல் ரேகை பல நீதிமன்றங்களை எட்டுமுன்னரே அதன் ஆற்றலைக் கதை காட்டிற்று. நீதிமன்றங்கள் அதனை நம்பத் தலைப்பட்டபோது அதன் எல்லையையும் காட்டிற்று. இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 39ஆம் பிரிவும் விரல் பதிவு பற்றிய வல்லுநர் கூற்றைக் கருத்து என்றே கொள்கின்றது, கருத்து ஆராயப்படுதற்குரியது. ஹோம்ஸும் தார்ண்டைக்கும் தண்டனைக்கு முன்னர் ஆராய்ந்ததனால் குற்றமற்றோர் பிழைத்தனர். மதுரையில் பரல் தெறித்தபோது கோவலன் உயிரோடு இல்லை.