உங்க இயர்பட்ஸுக்குள்ள ஒரு ரேடியோ இருக்கு... அதுக்கு அனுமதி வாங்கியிருக்காங்களா?

இயர்பட்ஸ், ஸ்மார்ட்வாட்ச், வைஃபை பல்பு... நமக்கு இதெல்லாம் கேட்ஜெட். அரசாங்கத்தின் கண்ணுக்கு? ரேடியோ! காற்றில் அலைகளை அனுப்பும் எதுவா இருந்தாலும் அது ஒரு குட்டி ரேடியோ நிலையம்தான் மக்களே.

இந்தியாவில் அலைவரிசைகளைக் கவனிப்பது தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இருக்கும் டபிள்யூ.பி.சி. புளூடூத்தும் வைஃபையும் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2005-லேயே லைசென்ஸ் விலக்கு கொடுத்துட்டாங்க. 5 கிகாஹெர்ட்ஸில் பெரிய பகுதி 2018-ல் திறந்துவிடப்பட்டது. அதனாலதான் நீங்க ரவுட்டர் வாங்கினதும் எந்த ஆபீஸுக்கும் ஓட வேண்டியதில்லை. ஆனா, அதை விற்கிறவங்களுக்கு வேலை இருக்கு. 'இந்த மாடல் சொன்ன அலைவரிசையில், சொன்ன பவருக்குள்தான் இயங்குது' என்று ஆய்வக ரிப்போர்ட்டோடு பதிவு செய்து 'இ.டி.ஏ' என்கிற சான்றிதழ் வாங்கணும்.

ஒரு ரவுட்டருக்கு இவ்வளவு பில்டப்பானு தோணுதா? 2009-ல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் என்ன நடந்துச்சுனு பாருங்க. விமானம் இறங்கும் நேரத்தில் காற்று திடீர்னு திசை மாறினா எச்சரிக்கிற வானிலை ரேடார் அங்கே இருக்கு. அந்த ரேடார் படத்தில் குறுக்கீடு வர ஆரம்பிச்சது. தேடிப் பார்த்தா, அதே 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஓடிக்கிட்டிருந்த வயர்லெஸ் இன்டர்நெட் கருவிகள்! ரேடார் சிக்னல் கேட்டா உடனே வேற சேனலுக்கு ஒதுங்கிடணும் என்பது அங்கே விதி. அதை மீறி ஓட்டிய நிறுவனங்கள் மீது அமெரிக்க ஆணையமான எஃப்.சி.சி பின்னாடி அபராதமும் போட்டது.

சரி, மாட்யூல் கதைக்கு வருவோம். காலேஜ் புராஜெக்ட்டுக்கு இ.எஸ்.பி 32 போர்டு வாங்கியிருப்பீங்கள்ல? அதில் தபால்தலை சைஸில் ஒரு வெள்ளி நிற மூடி இருக்கும். அதுதான் வயர்லெஸ் மாட்யூல். சிப், கிரிஸ்டல், ஆன்டெனா எல்லாம் ஒரே பீஸாக வரும். அந்த மூடியில் எஃப்.சி.சி எண் அச்சடிச்சிருந்தா, அமெரிக்க விதிப்படி அந்த மாட்யூல் தனியா சோதிக்கப்பட்டு அனுமதி வாங்கினதுனு அர்த்தம். அதை வெச்சு ப்ராடக்ட் செய்றவர் ரேடியோ பகுதிக்கு முதல்ல இருந்து அனுமதி வாங்க வேண்டாம். 'இதனுள் இந்த எண் கொண்ட மாட்யூல் இருக்கிறது' என்று வெளியில் லேபிள் ஒட்டினால் போதும். சின்ன ஸ்டார்ட்அப்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

'அப்போ எல்லாம் முடிஞ்சது'னு நினைச்சாதான் சிக்கல். அந்த அனுமதி, எந்த வகை ஆன்டெனாவோடு சோதிச்சாங்களோ அதுக்குத்தான். ரேஞ்ச் கூடணும்னு பெரிய ஆன்டெனாவை மாட்டினா பழைய பேப்பர் உதவாது. உடம்பில் இருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்னு கணக்குப் போட்டு அனுமதி வாங்கின மாட்யூலை, மணிக்கட்டில் கட்டுற பேண்டுக்குள் அப்படியே வைக்க முடியாது. உடம்பில் படும் ரேடியோ ஆற்றலைத் திரும்பக் கணக்கு பார்க்கணும். உங்க சர்க்யூட்டின் மத்த பகுதிகள் கிளப்பும் மின்காந்த இரைச்சலுக்கும் தனி சோதனை உண்டு. முக்கியமா, அமெரிக்க அனுமதி அமெரிக்காவுக்கு மட்டும்தான். இங்கே விற்க இ.டி.ஏ தனியா வேணும். டிசைன் முடிச்சு, பெட்டியெல்லாம் அச்சடிச்ச பிறகு இதை யோசிக்கிறதுதான் ரொம்ப காஸ்ட்லியான பழக்கம்.

வாங்குறவங்க என்ன பார்க்கலாம்? ஆர் என்று தொடங்கி எட்டு இலக்கம் கொண்ட பி.ஐ.எஸ் எண் பெட்டியில் இருக்கானு பாருங்க. 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் அதைப் போட்டா எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்கு வாங்கினதுனு வந்துடும். பவர்பேங்க் எண்ணை இயர்பட்ஸ் பெட்டியில் ஒட்டியிருந்தா அங்கேயே மாட்டிக்கும். ஆனா ஒண்ணு, பி.ஐ.எஸ் பார்க்கிறது ஷாக் அடிக்காதா, சூடாகாதா என்கிற பாதுகாப்பை. ரேடியோவுக்கு இ.டி.ஏ-தான். ரெண்டும் வேற வேற.

உங்க போனையும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க. *#07# டயல் பண்ணினா 'சார்' அளவு காட்டும். இந்தியாவில் அது கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது.

ட்ரெக்கிங் போக ஆன்லைன்ல வாக்கி டாக்கி தேடுறவங்க மட்டும் கொஞ்சம் கூடுதலா உஷார். லைசென்ஸ் இல்லாம பேச 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் இடம். எந்த அலைவரிசைனே சொல்லாம விற்கிறாங்கனு 2025 மே மாதம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் தளங்களுக்கு 13 நோட்டீஸ் அனுப்பியது. விற்பனையாளர்கிட்ட இ.டி.ஏ எண் கேளுங்க. 'அதெல்லாம் இல்ல பாஸ், சி.இ முத்திரை இருக்கே'னு பதில் வந்தா, அது ஐரோப்பாவில் விற்கிறதுக்கான முத்திரை.