சேதி சொன்னவருக்கு என்ன மரியாதை?

வானொலி அறிவிப்பாளர் என்றால் கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி கிடைக்கும். அதே வேலையைத் தெருவில் நின்று செய்தவருக்கு என்ன கிடைத்தது?

தமிழில் 'பறை' என்றால் தோல்கருவி. 'சொல்' என்றும் பொருள். மலையாளத்தில் இன்றும் சொல்வதற்குப் 'பறையுக' என்கிறார்கள். நம் கோலா கங்சாரில் கேட்கும் மலாய் மொழியிலும் இதே கதைதான். 'சானாங்' என்பது சிறிய சேகண்டி; 'மென்சானாங்கான்' என்றால் ஊரறிய அறிவிப்பது.

மணிமேகலையின் முதல் காதைக்குப் பெயரே 'விழாவறை காதை'. புகார் நகரில் 28 நாள் இந்திர விழா. யானையின் பிடரியில் முரசை ஏற்றி ஒருவர் அறிவிக்கிறார். வீதியில் புதுமணல் பரப்புங்கள், பகைவரோடும் சண்டை வேண்டாம், விலகிப் போங்கள் என்கிறார். அவரைப் பழங்குடியில் பிறந்தவர் என்று மதிப்போடு குறிப்பிடுகிறார் புலவர்.

காலம் போகப்போக யானை போனது, மதிப்பும் போனது. கிராமங்களில் தண்டோரா போடுவது ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட வேலையானது. வரி கட்டச் சொல்லவும், வெள்ளம் வருகிறது என்று எச்சரிக்கவும் அவர் வேண்டும். திண்ணையில் உட்கார மட்டும் கூடாது.

இது நம்மவர்களிடம் மட்டும் இருந்த கோளாறு அல்ல. பண்டைய ரோமில் 'பிரைக்கோ' எனப்படும் அறிவிப்பாளர்தான் மக்கள் சபையைக் கூட்டுவார், வழக்குமன்றத்தில் பெயர் சொல்லி அழைப்பார், ஏலம் விடுவார், சாவுச் சேதி சொல்வார். ஆனால் கி.மு. 45 வாக்கில் வந்த சட்டம், அந்தத் தொழிலில் இருக்கும்வரை அவர் நகரசபையில் உட்கார முடியாது என்றது. குரல் தேவை, ஆள் தேவையில்லை!

2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தண்டோரா முறையை நிறுத்தும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்றார். நல்ல முடிவு. ஆனால் கருவியை மாற்றினால் பார்வை மாறிவிடுமா?

கப்பலேறி இங்கே வந்தபோது நம் முன்னோர் தப்பையும் கொண்டுவந்தார்கள். அதை அடித்தவரைத் தாழ்த்தும் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. தாத்தா தப்படித்தவர் என்பதை வெளியில் சொல்லத் தயங்கும் பேரப்பிள்ளைகள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.

தயங்க வேண்டாம், தம்பி தங்கைகளே. ஒலிவாங்கி முன் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் எங்களுக்கெல்லாம் முன்னோடி உங்கள் தாத்தாதான். 'தப்படிக்கிறவன்' என்று வீட்டில் யாராவது ஏளனமாகப் பேசினால், பிள்ளைகள் காதுபட அதைத் திருத்துங்கள். அந்த அறிவிப்புக்கு முரசு வேண்டியதில்லை.