பழைய ரிவால்வருக்கு லட்சக்கணக்கில் விலை!
வாங்குவோரும் விற்போரும் ஏமாறாமல் இருப்பது எப்படி?

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம் இருக்கிறது. 1780-ம் ஆண்டு தோன்றிய படை அது. அதில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற தமிழர்கள் பலர் இந்த நகரத்திலேயே தங்கிவிட்டார்கள்.

அப்படி ஒரு வீட்டில் பெரியவர் காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பீரோவைத் திறந்தால் துணியில் சுற்றிய ரிவால்வர் ஒன்று இருக்கிறது. கூடவே பழுப்பேறிய லைசென்சு புத்தகம். குமாஸ்தா வேலை பார்க்கும் மகனுக்குக் கை நடுங்குகிறது.

"பழைய இரும்புதானே, ஐயாயிரம் தருகிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர்.

கொடுத்தால் இரண்டு நஷ்டம். ஒன்று பணம். இன்னொன்று சிறைவாசம்.

ஏன் இந்தக் கிராக்கி?

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் தயாரான வெப்ளி ரிவால்வர்களுக்கு நம் நாட்டில் தனி மதிப்பு உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் 1887-ம் ஆண்டிலேயே வெப்ளியை ஏற்றுக்கொண்டது. நடுவில் மடித்தால் காலித் தோட்டாக்கள் மொத்தமாக வெளியே வந்துவிடும். அதுதான் அதன் சிறப்பு.

வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தாராளமாக இறக்குமதி செய்வது 1980-களில் நின்றுபோனது. ஆகவே, அதற்கு முன் வந்து சேர்ந்தவைதான் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. புதிதாக வரவு இல்லை, கேட்போர் குறையவில்லை. அமெரிக்காவில் சில நூறு டாலருக்குக் கிடைக்கும் பழைய ரிவால்வர், இங்கே லட்சக்கணக்கில் விலை போவதற்கு இதுவே காரணம்.

அரசு ஆலையும் ரிவால்வர் செய்கிறது. கான்பூரில் தயாரான 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வர் 2014-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தபோது அதன் விலை சுமார் ரூ.1 லட்சத்து 22 ஆயிரம். பழையதற்குப் பேரம் பேசுகிறவர்கள் புதியதன் விலையையும் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

எதைப் பார்க்க வேண்டும்?

பெயரைப் பார்த்து மயங்கக்கூடாது. முதலில் அளவைப் பார்க்க வேண்டும். பொதுமக்களுக்கு அனுமதிக்கப்பட்டது .32 அளவு. ராணுவ அளவுகள் பல தடை செய்யப்பட்டவை. தோட்டாவே கிடைக்காத அந்தக் கால அளவு என்றால், சுடும் கருவி என்ற மதிப்பு அதற்குக் கிடையாது.

அடுத்து, துப்பாக்கியில் வெட்டிய எண்ணும் லைசென்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண் அழிந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் தொடக்கூடாது. குழலின் உட்புறத்தில் துரு அரித்திருக்கிறதா, மடிக்கும் கீல் ஆடுகிறதா, உருளை அசையாமல் நிற்கிறதா என்பதை லைசென்சு பெற்ற வியாபாரியிடம் காட்டித் தெரிந்துகொள்ளலாம். நியாய விலை என்பது இவற்றைப் பொறுத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

வாங்குகிறவர் முதலில் லைசென்சு பெற வேண்டும். பிறகுதான் துப்பாக்கி. பெங்களூர் நகருக்குள் போலீஸ் கமிஷனரும், வெளி மாவட்டங்களில் டெபுடி கமிஷனரும் லைசென்சு வழங்கும் அதிகாரிகள்.

சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததைத் தனியாருக்கு விற்பவர், வாங்குபவரின் விவரத்துடன் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகில் உள்ள போலீஸ் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து 45 நாட்கள் கழிந்த பிறகே கைமாற்றலாம். "இன்றே பணம், இன்றே சரக்கு" என்று எந்தத் தரகராவது சொன்னால், அங்கேயே விலகிக்கொள்ள வேண்டும்.

"நூறு வருஷத்துச் சாமான், லைசென்சு வேண்டாம்" என்பதும் தவறான பேச்சு. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்கு உண்டு. சுடக்கூடியது எவ்வளவு பழையதானாலும் லைசென்சு தேவை. 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டும், அதிகபட்சம் 5 ஆண்டும் சிறைத் தண்டனை கிடைக்கும்.

வாரிசு செய்ய வேண்டியது

அந்தக் குமாஸ்தா மகனுக்கும் வழி இருக்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, ரிவால்வரைத் தாமதம் இல்லாமல் போலீஸ் நிலையத்திலோ லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ரசீது வாங்கிக்கொள்வது அவசியம்.

ஒப்படைப்பதால் பொருள் பறிபோவதில்லை. தன் பெயருக்கு லைசென்சு பெற்றால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால், லைசென்சு உள்ள ஒருவருக்கு விற்று, பணத்தைத் தானே பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அதற்குக் கெடு உண்டு. கெடு தாண்டினால் அது அரசுக்குச் சேர்ந்துவிடும். இது தெரியாமல் சும்மா இருந்தால் குடும்பத்துக்குத்தான் நஷ்டம்.

வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் பெரியவர்கள், லைசென்சு புத்தகம் எங்கே இருக்கிறது, யாரிடம் போக வேண்டும் என்பதை இப்போதே பிள்ளைகளிடம் சொல்லி வைக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை பிள்ளைகளின் பணத்தையும் காப்பாற்றும், மானத்தையும் காப்பாற்றும்.